பதினாறு இஞ்ச் போதும்

கண்ணு,

நல்லாயிருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. முந்தாநாள் போனில் நீ கத்திய கத்தலிலேயே உடம்பு தெம்பாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பா வாசலில் உட்கார்ந்து மரம் அறுக்கும் மிஷினின் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கர்ரக் கர்ரக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ பாதியில் மறித்துவிடுகிறாய். "சரிம்மா, சரிம்மா, மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்று நீ ஆரம்பித்தால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பன்னிரண்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸ் பஸ்ஸில் போகும்போது படி, பாதியில் மூடி வைக்காதே.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், சரியாக இருக்கிறதா பார். "வெள்ளிக்கெழம பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க. அதுக்குள்ள அந்த மிஷின் அங்க இருக்கக்கூடாது. மாமாகிட்டச் சொல்லிட்டேன், வியாழக்கெழம வண்டி கொண்டாந்து எடுத்துட்டுப் போயிருவாரு. அப்படியே வித்தறச் சொல்லியாச்சு. கல்யாணத்துக்கப்பறமும் உனக்கு அந்த வேலை வேண்டாம்மா." என் மிஷினை விற்க என் தம்பியிடம் சொல்லிவிட்டு, கடைசியாக எனக்குத் தகவல் சொல்கிறாய். என்னிடம் கேட்கவில்லை. சரி, இப்போது நான் தகவல் சொல்கிறேன். வியாழக்கிழமை உன் மாமன் வரட்டும், கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்புகிறேன். மிஷின் போகாது. இன்னொன்றும் உண்டு. நீ விற்கச் சொன்ன பழைய மிஷின் இஞ்சின் தேய்ந்து ஏற்கெனவே இழுவை இல்லாமல் கிடந்தது. அதை ஸ்பேருக்கு வைத்துக்கொண்டு நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் சேலம் போய்ப் புது மிஷின் வாங்கி வந்துவிட்டேன். பதினாறு இஞ்ச் பார். மிஷினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, செயின் சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டை, அதைத்தான் சொல்கிறேன். நீ கல்யாணத்துக்கு எத்தனை பேருக்கு இலை போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

இந்தச் சண்டை முந்தாநாள் ஆரம்பித்தது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நிச்சயத்தன்று சேலத்தில் உன் வருங்கால மாமியார் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல மனிதர்கள், நான் குறை சொல்லவில்லை. அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரியமாகத்தான் கேட்டார், "நீங்க என்னங்க பண்றீங்க?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் நாற்காலியில் இருந்து நீ சொன்னாய், "அம்மா சும்மா ஊட்லதானுங்க." ஆறு வருடமாக நான் அறுத்த மரத்தை எல்லாம் ஒரு சும்மாவில் தூக்கிப் போட்டுவிட்டாய். உன்மேல் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும். ஆனால் அதைவிட என்மேல்தான் அதிகமாக வந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் என் வலது உள்ளங்கையை, காய்த்துப்போய்க் கறுத்திருக்கிறதே அந்தக் கையை, நான் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன். யார் சொல்லியும் இல்லை, தானாக மறைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இனி எவர் முன்னாலும் அதை மறைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாயிற்று. உனக்குத்தான் இன்றைக்குத் தெரிகிறது.

இந்த மிஷின் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நாங்கள் மறைத்தோம். அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் பதினைந்து வருடம் வடக்கே சுற்றிவிட்டு, முதுகுவலியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடம் அது. நீ கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்திருந்தாய். காட்டு வேலை போக மீதி நேரத்தில் மரம் அறுக்கப் போகலாம் என்று அவருக்கு யோசனை. காற்றில் விழுந்த மரம், தோப்பில் பட்டுப்போன தென்னை, செங்கல் சூளைக்கு விறகு என்று நம் பக்கம் அந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. உன் பெரியப்பா அப்போதுதான் பதினெட்டு இஞ்ச் மிஷின் ஒன்று வாங்கி, அதை மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு வெண்ணந்தூர் சந்தைக்குக்கூடப் போய்வந்துகொண்டிருந்தார். சந்தையில் எந்த மரத்தை அறுக்கப் போகிறார்? காட்டத்தான்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? நம் காட்டு ஓரத்தில் கருப்பனார் கல்லுக்குப் பின்னால் நிற்கிறதே புளியமரம், அதைக் கயிறு போட்டுச் சுற்றி அளந்து, அளவுக்கு முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றை மடித்து எடுத்துக்கொண்டு சேலம் போனார். நம் காட்டிலேயே பெரிய மரம் அது, அதை அறுக்கும் மிஷின் எதையும் அறுக்கும் என்று கணக்கு. அந்த மரத்தில் நாம் ஒரு கொப்பு ஒடித்தது உண்டா? புளி உலுக்க ஏறுவதற்குக்கூடக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தானே ஏறுகிறோம். உன் தாத்தா காலத்தில் இடி விழுந்து ஒரு கிளை முறிந்தபோதுகூட அதை யாரும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை, அங்கேயே மக்கிப்போனது. யாரும் கத்தி வைக்கப் போகாத மரத்துக்கு அளவெடுத்துக்கொண்டு போனார் உன் அப்பா. கடைக்காரர் கயிற்றை விரித்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "ஏனுங்க, இது சுத்தளவு. குறுக்களவு வேணுமுங்க." குறுக்களவு பார்த்தாலும் அந்த மரம் மூன்று அடிக்குக் கிட்ட வரும். "எங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு இருவத்திரண்டுங்க" என்று ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதுதான் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து அதே கருப்பனார் முன்னால் படைத்தோம். ஊரில் வந்து பார்த்தவர்கள் ஒருத்தர்கூட இஞ்சின் என்ன பலம் என்று கேட்கவில்லை. எல்லோரும் நீளத்தைத்தான் பார்த்தார்கள்.

அவரை மட்டும் சொல்லி நான் நல்லவளாகிவிடக் கூடாது. அவர் கயிறு எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னேன். "அவிய பதினெட்டு வாங்கிருக்காங்க. நாம அதுக்குக் கீழ வாங்குனா ஊருக்குள்ள நிமுந்து நடக்க முடியுமாங்க?" அவர் சாப்பிட்டு எழுந்து போனார். அந்த இருபத்திரண்டில் பாதிக்கு மேல் என் வாயில் இருந்து வந்தது. இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் மட்டும் நேற்றுச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா புள்ள" என்றார். மறுபடியும் அரத்தை எடுத்துக்கொண்டார்.

இனி வருவதுதான் நாங்கள் மறைத்தது. உன் இரண்டாம் வருடப் பரீட்சை நேரத்தில் அப்பா வண்டியில் இருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது என்று சொன்னோம் அல்லவா. அவர் வண்டியில் இருந்து விழவில்லை. ஜேடர்பாளையத்தில் வாய்க்கால் ஓரம் ஒரு தோப்புக்காரர் வீட்டுக்குப் போகும் வண்டித் தடத்தில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அப்பாவும் நானும் போயிருந்தோம். நான் கொப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டப்பகல், நல்ல வெளிச்சம், அவசரம் ஒன்றும் இல்லை. அவர் அறுத்துக்கொண்டிருந்தது என் கைக்கு ஒன்றரைச் சாண் கனமுள்ள ஒரு கிளை. இருபத்திரண்டு இஞ்ச் பாரில் பன்னிரண்டு இஞ்சுக்கு மரத்தில் வேலை இருந்தது. மீதி நீளம் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே இன்னொரு கட்டை கிடந்தது. ஓடுகிற பாரின் மூக்கு நுனி போய் அதில் பட்டது. பார் மூக்கின் மேல்பக்கம் எதிலாவது பட்டால் மிஷின் அறுக்காது, எகிறும். ஆள் இருக்கும் பக்கம்தான் எகிறும். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எகிறி அவர் இடது தோளில் விழுந்துவிட்டது. என் சேலையைக் கிழித்துக் கட்டி, தோப்புக்காரர் காரில் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியில் அவர் பேசிய ஒரே வார்த்தை, "பையனுக்குச் சொல்லிராத, பரீட்சை."

பரீட்சை முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் உன் படிப்பைச் சாக்காக வைத்தோம், அப்புறம் வெட்கம். மிஷினைத் தப்பாக வாங்கினோம் என்று சொல்ல வெட்கம், வீம்புக்கு வாங்கினோம் என்று சொல்ல அதைவிட வெட்கம். அந்தப் பொய்யை நீ இத்தனை நாளும் நம்பி, அப்பாவை மொபெட்டில் ஏறவே விடுவதில்லை. பாவம் அந்த மொபெட். உன்னிடம் மறைத்தது தப்பு, கண்ணு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். மிஷினை விற்க இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும் என்று போனை எடுப்பாய். எடுக்காதே, இன்னும் முடியவில்லை. தெரிந்தேதான் இதை உன் கையில் கொடுக்கிறேன். பொய் சொல்லி ஜெயிப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. அப்பாவின் தோளை வாங்கியது மரம் அறுக்கும் வேலை என்று நீ சொல்வாய். வேலையில் ஆபத்து இருக்கிறது, இல்லை என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அன்றைக்கு அந்த மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பத்து இஞ்சுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அது ஊர் பார்க்க வாங்கிய பத்து இஞ்ச். அதுதான் அவர் தோளில் விழுந்தது.

அப்பா கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். தோப்புக்காரர் தினமும் போன் செய்தார், தடத்தில் மரம் குறுக்கே கிடக்கிறது, தேங்காய் ஏற்ற லாரி உள்ளே வர முடியவில்லை என்று. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒத்துக்கொண்ட வேலை பாதியில் கிடக்கிறது, அதுவும் என் வீட்டுக்காரர் ரத்தம் பட்டுக் கிடக்கிறது. ஒரு வருடமாக அந்த மிஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியது நான், செயின் தொய்ந்தால் இழுத்து வைத்தது நான். ஸ்டார்ட் பண்ணத் தெரியாதா என்ன. உன் மாமனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை மிஷினைத் தூக்கிப்போக நீ அனுப்புகிற அதே மாமன்தான். இருபத்திரண்டு இஞ்சோடு மூன்று துண்டு அறுத்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் என் கண் வெட்டுகிற இடத்தில் இல்லை, அந்தப் பக்கம் மூக்கு எங்கே போகிறது என்று தேடுவதிலேயே இருந்தது. பச்சை மரத்தில் முழு நீளமும் இறங்கினால் இஞ்சின் திணறிப் புகை கக்கியது. மூன்றாவது துண்டோடு நிறுத்திவிட்டு, அங்கே அறுபட்டுக் கிடந்த கட்டைகளை எல்லாம் வரிசையாகச் சாண் போட்டுப் பார்த்தேன். ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை. இரண்டு சாணுக்கு மேல் இருந்தது அடிமரம் ஒன்றுதான்.

மறுநாள் ராசிபுரத்தில் மெக்கானிக் கடைக்குப் போய் நீளத்தைக் கழற்றிவிட்டுப் பதினாறு போடச் சொன்னேன். பார் மாற்றினால் அதற்குத் தக்க செயினும் மாற்ற வேண்டும், இரண்டும் ஜோடி. அந்த மெக்கானிக்கின் கண்ணில் தண்ணீர் வராத குறை. "அக்கா, இதக் கழட்டீட்டா மிஷினோட கெத்தே போயிருமுங்க."

"கெத்த நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு மரம் அறுந்தாப் போதும்."

அதே இஞ்சின்தான். குட்டைப் பாரைப் போட்டதும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நீளத்தை இழுப்பதிலேயே பலத்தை எல்லாம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை ஒரே நாளில் முடித்தேன், மறுநாள் லாரி உள்ளே போனது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், நீ பிறந்தபோதுகூட வந்ததா என்று சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே, நீ பிறந்தபோது எனக்கு நினைவே சரியாக இல்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன். மரம் அறுக்க நீ வரப்போவதில்லை, இருந்தாலும் கேட்டுக்கொள். மிஷின் வாங்கப் போகிறவன் முதலில் ஒரு மாதம் தான் அறுக்கிற மரத்தை அளக்க வேண்டும். ஆசைப்படுகிற மரத்தை அல்ல, தினமும் கையில் வருகிற மரத்தை. அதன் குறுக்களவுக்கு மேலே நாலு விரற்கடை கூட்டிக்கொண்டால் அதுதான் பாரின் நீளம். எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று இஞ்ச் மரம்தான் அதிகம் வருகிறது, அதனால் பதினாறு. முருங்கை, கொய்யா, வேலி முள் மட்டும் அறுக்கிறவளாக இருந்தால் பன்னிரண்டே தாராளம். அப்புறம் இஞ்சின். நீளத்தைப் போட்டுவிட்டுப் பலம் இல்லாத இஞ்சினை வைத்தால் வேலா மரத்தில் பாதியில் நின்றுவிடும், செயின் சூடேறி நீலம் பாயும். பலமான இஞ்சினில் குட்டைப் பார் போடலாம், ஒரு கெடுதலும் இல்லை, தூக்கக் கனம் மட்டும் கூடும். அந்தக் கனத்தைத் தூக்கப் போவது யார் என்பதையும் அளவில் சேர்க்க வேண்டும். கடையில் ஒரு நிமிடம் தூக்குவது வேறு, சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்குவது வேறு. என் தோளுக்கும் என் இடுப்புக்கும் எது பொருந்தும் என்று எனக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரியாது, செவ்வாய்ப்பேட்டைக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, சாமி.

நேற்றுக் கடையில் நடந்ததைக் கேள். உள்ளே நுழைந்ததும் அந்த விற்பனைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சாரு வரலீங்களாம்மா?"

"சாரு ஊட்ல அரம் போடறாரு. நாந்தான் வந்திருக்கேன்."

உடனே பேட்டரியில் ஓடும் ஒரு கைப்பிடி மிஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். பொம்மை மாதிரி இருந்தது. "அம்மாவுக்கு இது போதும், லேசா இருக்கும், செடி கொடி வெட்டிக்கலாம்" என்றார். நான் செடி கொடி வெட்டுவதில்லை, வேப்பமரமும் வேலா மரமும் அறுக்கிறேன், ஆறு வருடமாக அறுக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் என் கையைப் பார்த்தார். இந்த முறை நான் மறைக்கவில்லை. அவ்வளவுதான், ஒரே தாவலில் அந்தக் கோடிக்குப் போய் இருபத்திரண்டு இஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொம்பளைக்குப் பொம்மை, இல்லாவிட்டால் ஊரிலேயே பெரியது. நடுவில் ஒரு அளவு இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"பதினாறு போட்டுக் குடுங்க."

"இருவத்திரண்டே போட்டுக்கங்கம்மா, இஞ்சின் நல்லாத் தாங்கும். நாளைக்கு ஒரு பெரிய மரம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு பக்கமும் அறுப்பேன். பதினாறு வெச்சுக்கிட்டு முப்பது வரைக்கும் அறுக்கலாம். உங்களுக்கு அறுத்துக் காட்டட்டுமா?"

பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குளிர்ந்த இஞ்சினை என் கையாலேயே இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன், மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஓடும்போது கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும், நின்றது. நம் பழைய மிஷினில் அந்தத் தடுப்பு எப்போதோ தளர்ந்துபோயிருந்தது, நாங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அப்பாவின் தோள் போனது. ராசிபுரத்தில் இதற்குச் செயின் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டேன். டேங்க் நிறைய ஊற்றச் சொல்லி, தூக்கி இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு நடை நடந்தேன். பில் யார் பேருக்கு என்று கேட்டார். என் பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். நம் வீட்டில் என் பேரில் இருக்கும் முதல் பில் அது. பீரோவில் உன் ஜாதகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோ செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் மாட்டி நின்றது. எங்கே தெரியுமா? சம்பந்தி கடை இருக்கும் சந்து முனையில். மடியில் மிஷின். இறங்கி உள்ளே போய், "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இதானுங்க பதில்" என்று மேஜைமேல் வைத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிஜமாகவே ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துக்கொண்டேன், பயந்து இல்லை. வெள்ளிக்கிழமை அவர்களே வருகிறார்களே, அவர்கள் வீடு பார்க்க வருவது நம் வீட்டைத்தானே. வருகிறவர்கள் இருக்கிற வீட்டைப் பார்க்கட்டும். நீ காட்ட நினைக்கிற வீட்டில் நான் சும்மா இருக்கிறேன், அப்பா வண்டியில் விழுந்த மனிதர், வாசலில் மிஷின் கிடையாது, மரத்தூள் கிடையாது. அது யாருடைய வீடோ எனக்குத் தெரியாது. அந்தப் பெண் நாளைக்கு இங்கே வந்து வாழப்போகிறாள். ஊர் மெச்ச நீ இப்போது கூட்டிச் சொல்கிற ஒவ்வொரு இஞ்சும் என்றைக்காவது அவள் பக்கம் எகிறும். அப்பாவையும் என்னையும் பார்த்த பிறகும் நீ அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு போகாதே.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜேடர்பாளையம் வந்தபோது அரத்தைக் கீழே வைத்துவிட்டார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் புள்ள. அவனுக்குத் தெரியட்டும். அளவு என்னோடதுன்னு எழுதிரு."

"பாதி என்னோடதுன்னு எழுதிட்டனுங்க."

"சரி, பாதிப் பாதி."

இனி வெள்ளிக்கிழமை விஷயம். போன வாரக் காற்றில் ரோட்டில் இருந்து நம் வீட்டுக்கு வரும் தடத்தில் நின்ற வேம்பு சாய்ந்து குறுக்கே கிடக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஆள் வைத்து எடுக்கச் சொல்வாய். கொப்பெல்லாம் கழித்துவிட்டேன், அடிமரம்தான் பாக்கி. அது கிடக்கும்வரை சம்பந்தி கார் வீடு வரைக்கும் வராது. சாண் போட்டுப் பார்த்தேன், இரண்டரை, இருபது இஞ்ச். உன் பதினாறு பத்தாதே என்று நீ கேட்பது காதில் விழுகிறது. பத்தாதுதான். மேல்பக்கம் இருந்து பார் போகும் மட்டும் அறுத்துவிட்டு நிறுத்த வேண்டும். அப்படியே கீழே இறக்கினால் செயின் மண்ணைத் தொட்டு மழுங்கிவிடும். கடப்பாரை போட்டு மரத்தைப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வந்ததும் மீதியை அறுக்க வேண்டும். நீளப் பார் வைத்திருக்கிறவன் தனியாளாக நின்று அறுத்துவிடுவான். குட்டைப் பாருக்குப் புரட்ட இன்னொரு ஆள் வேண்டும். இவ்வளவு நாளும் அப்பாதான் ஒற்றைக் கையால் கடப்பாரை போட்டு எனக்குப் புரட்டிக் கொடுக்கிறார். இந்த மரம் அவருக்கு ஆகாது. இடது கை தோளுக்கு மேல் வராது என்று உனக்குத்தான் தெரியுமே, ஏன் வராது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை வருகிற உன் மாமனைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் புரட்டிக் கொடுப்பான். அவனைக் கேட்க மாட்டேன்.

அவர்கள் பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். நீ முதல் நாளே வந்துவிடு, இல்லையென்றால் காலை முதல் பஸ்ஸைப் பிடி. செருப்புப் போட்டுக்கொண்டு வராதே, ஷூ போட்டு வா. புரட்டும்போது பாரின் மூக்குக்கு நேராக நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும், நான் காட்டுகிறேன். நான் அறுக்கிறேன், நீ புரட்டு. எட்டரைக்கு ஆரம்பித்தால் பத்தரைக்குத் தடம் சுத்தம், குளித்துச் சட்டை மாற்ற நேரம் இருக்கும். அவர்கள் சீக்கிரம் வந்துவிட்டால் அப்படியே பார்க்கட்டும். அந்த அம்மாள் மறுபடியும் என்னைப் பார்த்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நீ வாயைத் திறக்காதே. என் பக்கத்தில் நில், நான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ வராவிட்டால் மேல்பாதியை மட்டும் அறுத்து வைத்திருப்பேன். அவர்கள் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். தடத்தில் பாதி அறுபட்ட மரம் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவேன், எனக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது.

அப்பா அரம் போட்டு முடித்துவிட்டார். செயினை மாட்டக் கூப்பிடுகிறார். கடப்பாரையை வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறேன், சாமி.

அம்மா